அப்பாவோட பழைய வண்டியும் ஒரு யூஸ்டு எஸ்யூவி வேட்டையும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதையும் இழுவைகளையும் மட்டும் வெட்டியிருக்கோம்.)

போன வாரம் டேட்டாபேஸ் மைக்ரேஷன் பத்தி ஒரு மணி நேரம் மொக்கை போட்டேன். இந்த வாரமும் மைக்ரேஷன்தான், ஆனா வேற மாதிரி. சேலத்துல எங்க வீட்டுல 15 வருஷமா ஓடின ஏழு சீட்டு டீசல் வண்டிய மாத்திட்டு, அந்த இடத்துல இன்னொரு செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி வாங்கின கதை. மூணு மாசம் ஆச்சு. அதுல கத்துக்கிட்டதை எல்லாம் ஒரே எபிசோட்ல கொட்டிடறேன்.

பழைய வண்டி எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல. சொன்னா ஒரு பாதிப் பேர் சண்டைக்கு வருவீங்க. 2010 மாடல். நான் ஏழாவது படிக்கும்போது வந்தது. அப்பா அதை வாங்கின அன்னைக்குத் தெருவே வந்து பார்த்துச்சு. அதனால "மாத்தலாம்ப்பா"ன்னு நான் சொன்னப்போல்லாம், "இஞ்சின் இன்னும் கல்லு மாதிரி இருக்குடா"ன்னு ஒரே பதில்தான்.

இஞ்சின் கல்லு மாதிரிதான் இருந்துச்சு. பிரேக் இல்ல.

எங்க குலதெய்வம் கொல்லிமலைல. போன ஆடி மாசம் போயிட்டு காரவள்ளி பக்கம் இறங்கிட்டு வர்றோம். அந்தப் பாதைல 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. வண்டில அப்பா, அம்மா, பாட்டி, அக்கா, அக்கா பசங்க ரெண்டு பேர், நான். பசங்க பின்னாடி எதிரெதிரா இருக்கிற பெஞ்ச் சீட்ல. அந்தச் சீட்டுக்குப் பெல்ட்டே கிடையாது. பாதி மலை இறங்கினதும் அப்பா திடீர்னு பேச்சை நிறுத்திட்டார். கியரைக் குறைச்சார், ஹேண்ட் பிரேக்கை மெதுவா இழுத்தார், ஒரு வளைவுல ஓரமா மண்ணுல ஏத்தி நிப்பாட்டினார். பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது.

என்ன ஆச்சுன்னா, பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிற வகை. DOT 4-னு போட்டிருக்கிற ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது. ஈரம் சேர்ந்த பழைய ஆயிலுக்கு அந்த எல்லை 155 டிகிரி வரைக்கும் இறங்கிடும். மலை இறக்கத்துல விடாம பிரேக் மிதிச்சா அந்தச் சூடு சுலபமா வரும். ஆயில் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக்குமிழ். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால நீங்க மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அரைமணி நேரம் ஆற விட்டதும் பெடல் திரும்பி வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்த வேண்டிய ஆயில். எங்க வண்டில எப்ப மாத்தினோம்னு யாருக்கும் ஞாபகம் இல்ல.

இதை வண்டியோட தப்புன்னு சொல்ல மாட்டேன், எங்க தப்பு. ஆனா அன்னைக்கு நைட் அப்பாவே கேட்டார்: "புதுசு என்னடா விலை?"

புதுசு கட்டுப்படி ஆகல. 2025 செப்டம்பர் 22-ல இருந்து பெரிய எஸ்யூவிக்கு வரி குறைஞ்சுச்சு, உண்மைதான். முன்னாடி 28 சதவீத ஜிஎஸ்டியும் 22 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 50 ஆச்சு, இப்போ மொத்தமா 40. ஆனா தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல விலை இருக்கிற காருக்கு ஆயுள் வரி மட்டும் 20 சதவீதம். 10-லேர்ந்து 20 லட்சம் வரைக்கும் 18. எங்க பட்ஜெட் மொத்தம் 11 லட்சம், அதுல பாதி என் சேவிங்ஸ். ஆக யூஸ்டுதான்.

இந்த வரிக் குறைப்பை பேரம் பேசும்போது மறக்காதீங்க. ஷோரூம் விலை இறங்கினா பழைய வண்டி விலையும் இறங்கித்தான் ஆகணும். நான் பார்த்த புரோக்கர்கள் பாதிப் பேர் அதுக்கு முந்தின விலையை வெச்சே கணக்குப் போட்டாங்க.

பாட்டி டெஸ்ட்

நான் இஞ்சினியர் இல்லையா, முதல்ல ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். பவர், டார்க், கிரவுண்ட் கிளியரன்ஸ், 18 காலம். அக்கா அதைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா: "பாட்டி எப்படி ஏறுவாங்க?"

ஸ்ப்ரெட்ஷீட் அங்கயே செத்துப் போச்சு.

பெரிய வண்டிகள்ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு, ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம் கீழ, அது மேல பாடியைத் தனியா உட்கார வெச்சிருப்பாங்க. ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர், எண்டேவர், சஃபாரி ஸ்டார்ம் எல்லாம் இது. இன்னோவா கிரிஸ்டாவும் இதேதான் (அது எம்பிவின்னு தெரியும், விடுங்க). இன்னொண்ணு, சட்டமும் பாடியும் ஒரே கூடா இருக்கிற மோனோகாக். எக்ஸ்யூவி 500, 2021-ல வந்த புது சஃபாரி எல்லாம் இது. சட்டம் இருக்கிறது காடு மேடு, பாரம், இழுவைக்கு நல்லது. ஆனா தரை உயரமா இருக்கும், மோசமான ரோட்ல குலுக்கும். மோனோகாக்ல கொஞ்சம் சுலபமா ஏறலாம், வளைவுல ஆட்டம் கம்மி. நாங்க வண்டியைக் கொண்டுபோய் ஆத்துல இறக்கப் போறதில்ல. எங்க வீட்டு ஆஃப் ரோடிங் அதிகபட்சம் மாமா தோட்டத்து மண் பாதை.

அதனால ஒவ்வொரு வண்டிக்கும் பாட்டியைக் கூட்டிட்டுப் போனோம். ஒரு ஃபார்ச்சூனர் முன்னாடி நின்னு பாட்டி மேல பார்த்துட்டு, "இதுக்கு ஏணி தனியா வாங்கணுமா சாமி"ன்னு கேட்டாங்க. அது கட். சிரிக்காதீங்க, நீங்களும் உங்க வீட்டுல யாருக்கு முழங்கால் வலியோ அவங்களை முதல்ல ஏத்திப் பாருங்க. பொண்ணு பார்க்கப் போற மாதிரி ஆம்பளைங்க மட்டும் போய்ப் பானட்டைத் திறந்து பார்த்துட்டு வர்றதுல பிரயோஜனம் இல்ல.

அடுத்த கேள்வி எந்த வருஷம். ரெண்டு கோடு மனசுல வெச்சுக்கோங்க. முதல் கோடு 2019. அந்த வருஷம் ஏப்ரல்ல இருந்து எல்லாக் காருக்கும் ஏபிஎஸ் கட்டாயம், ஜூலைல இருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதுக்கு முந்தின வண்டின்னா வேரியன்ட் பேரைப் பார்த்து உறுதி பண்ணணும். பெரிய வண்டி, 10 லட்சம் ரூபா வண்டின்னாலும் அடிமட்ட வேரியன்ட்ல ஏர்பேக்கே இல்லாம வித்திருக்காங்க. 2016-ல குளோபல் என்கேப் ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவை மோதிப் பார்த்தப்போ பெரியவங்க பாதுகாப்புக்கு பூஜ்ஜியம் ஸ்டார். அதே கம்பெனியோட ஸ்கார்பியோ-என் 2022-ல அஞ்சு ஸ்டார். பெருசா கம்பீரமா இருக்கிறதுக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தம் இல்லைன்னு இதுல தெரியும்.

ரெண்டாவது கோடு 2020 ஏப்ரல் 1. அன்னைலேர்ந்து BS6. டீசல் வண்டிகள்ல புகைக்கரியைப் பிடிச்சு வைக்கிற டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி வந்துச்சு. கரி நிறைஞ்சதும் வண்டி தானாவே அதை எரிச்சுச் சுத்தம் பண்ணும், அதுக்கு ஹைவேல விடாம ஒரு இருபது நிமிஷமாவது ஓடணும். எங்க அப்பா ரிட்டயர்டு. உழவர் சந்தை, கோயில், ஃப்ரெண்ட் வீடுன்னு எல்லாமே நாலு கிலோமீட்டருக்குள்ள. இந்த மாதிரி ஓட்டினா வடிகட்டி அடைச்சுக்கும், மாத்தினா செலவு பெருசு. காத்துக்கு BS6 நல்லது, அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா டவுனுக்குள்ள மட்டும் ஓட்டுறவங்க BS6 டீசலை யூஸ்டுல வாங்கறதுக்கு முன்னாடி யோசிக்கணும், இல்லன்னா பெட்ரோல் பார்க்கணும். நாங்க 2018-19 BS4-னு முடிவு பண்ணினோம்.

டெல்லி வண்டி

ஆன்லைன்ல தேடினா நடுவுல நம்ப முடியாத விலைல சில வண்டி வரும். நம்ம ஊர்ல 10 லட்சம் சொல்ற அதே மாடல் ஆறரைக்கு. பெரும்பாலும் டெல்லி வண்டி. அங்க 10 வருஷத்துக்கு மேல டீசல், 15 வருஷத்துக்கு மேல பெட்ரோல் ஓட்டக் கூடாதுன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. 2025 ஆகஸ்ட்ல, வயசை மட்டும் வெச்சு ஓனர் மேல நடவடிக்கை எடுக்க வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட் சொன்னாலும், பயத்துல விலை எப்பவோ விழுந்துடுச்சு.

இதுல ஒரு சுவாரஸ்யமான அடையாளம் இருக்கு. 2015 டிசம்பர்ல டெல்லி வட்டாரத்துல 2000 சிசி-யும் அதுக்கு மேலயும் இருக்கிற டீசல் கார் புதுசா பதிவு பண்ண சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு. 2016 ஆகஸ்ட்ல ஒரு சதவீத செஸ்ஸோட தடையை எடுத்துட்டாங்க. அந்த இடைவெளில மஹிந்திரா என்ன பண்ணாங்கன்னா, 2.2 லிட்டர் இஞ்சினைக் கொஞ்சம் சுருக்கி 1.99 லிட்டரா கொண்டு வந்தாங்க. நான் ரசிச்ச இன்ஜினியரிங் ஹேக். அதனால எக்ஸ்யூவி 500-ஓட ஆர்சி-ல வழக்கமான 2179 சிசி இல்லாம 2000-க்குக் கீழ ஒரு நம்பர் இருந்தா, இந்த வண்டி எங்க பிறந்து வளர்ந்துச்சுன்னு கேளுங்க. டிஎன் நம்பர் பிளேட் மாட்டியிருந்தாலும் கேளுங்க.

டெல்லி வண்டி வாங்கவே கூடாதுன்னு சொல்லல. கணக்கை முழுசா போடுங்க. அந்த ஊர் ஆர்டிஓ-கிட்ட என்ஓசி, வண்டியைக் கொண்டு வர்ற செலவு, 12 மாசத்துக்கு மேல இங்க ஓடினா மறுபதிவு, வயசுக்கு ஏத்த மாதிரி தமிழ்நாட்டு ஆயுள் வரி. எல்லாம் சேர்த்தா லாபம் சுருங்கிடும். நாளைக்கு நீங்க விக்கும்போதும் "வெளியூர் வண்டியா?"ன்னு கேட்டு விலையைக் குறைப்பாங்க.

தாம்பரம் வண்டி

இப்போ நான் ஏமாற இருந்த கதை. தாம்பரம் பக்கம் ஒரு புரோக்கர். 2019 மாடல், 58,000 கிலோமீட்டர், ரெண்டாவது ஓனர், பளபளன்னு வெள்ளை. விலை 8.4 லட்சம். அப்பா சேலத்துலேர்ந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

நான் என்னோட ஓபிடி ஸ்கேனரை எடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழ சொருகினேன். ஆயிரம் ரூபா சாமான், ப்ளூடூத்ல போனோட பேசும். எரர் கோட் ஒண்ணுமே இல்ல. "பாத்தீங்களா சார், சுத்தம்"னார் புரோக்கர். எனக்கும் சந்தோஷம். அட்வான்ஸ் 50,000 அனுப்பப் போனை எடுத்துட்டேன்.

அப்போ அப்பா டிரைவர் சீட்ல உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். சாதாரணமா போடுற அளவுக்கு இல்ல, உள்ள சுருண்டிருக்கிற கடைசி முழம் வரைக்கும். கடைசில பழுப்பா, கரை மாதிரி ஒரு கோடு. அப்பா எதுவும் பேசல. பின்னாடி போய் ஸ்டெப்னிக்குக் கீழ விரலை விட்டுத் தடவினார், மண். டோர் பக்கத்துல கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"ஏரித் தண்ணி வாசம்டா. வா போலாம்."

2015 டிசம்பர் வெள்ளத்துல அப்பாவோட ஃப்ரெண்ட் வண்டி முங்கினப்போ கூட இருந்து பார்த்தவர் அவர். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கும் பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர்னு எத்தனை வண்டி தண்ணில நின்னுச்சுன்னு நமக்குத் தெரியும். சரி பண்ண முடியாதுன்னு இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிடுற வண்டி ஏலத்துல போகும், அதுல சிலது பாலிஷ் போட்டுக்கிட்டுத் திரும்ப ரோட்டுக்கு வரும். உடனே ஒண்ணும் ஆகாது. ஆறு மாசம் கழிச்சு ஒவ்வொரு ஒயர் கனெக்டரா பச்சை பூத்து வரும். ஒரு நாள் ஏசி, ஒரு நாள் பவர் விண்டோ. ஏர்பேக் வேலை செய்யுமா செய்யாதான்னு மோதற வரைக்கும் தெரியவே தெரியாது. மலைல பிரேக் போனதுக்குப் பயந்து வண்டி மாத்தறவன் இந்த வண்டியை வாங்கியிருந்தா என்ன அர்த்தம்?

வெளிய வந்து டீ குடிக்கும்போது ஸ்கேனர் ஆப்ல சேமிச்சிருந்த டேட்டாவைத் திரும்பப் பார்த்தேன். எரர் கோடை அழிச்சதுக்கு அப்புறம் வண்டி ஓடின தூரம்னு ஒரு அளவு இருக்கு. அதுல காட்டினது 9 கிலோமீட்டர். அதாவது நாங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் யாரோ எல்லாத்தையும் துடைச்சிருக்காங்க. லாக் காலியா இருந்தா பக் இல்லைன்னு அர்த்தமில்ல, யாரோ லாக்கை அழிச்சிருக்காங்கன்னும் இருக்கலாம். இதை ஆபீஸ்ல ஜூனியர்ஸ்க்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான்.

அதனால ஸ்கேனர் வாங்கினா முதல்ல அந்த நம்பரைப் பாருங்க. கோட் எத்தனைங்கிறது அப்புறம்.

கிலோமீட்டரும் இதே கதைதான். மீட்டரைத் திருத்தறது சின்ன வேலை. மத்த சாட்சிகளைத் திருத்தறதுதான் கஷ்டம். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 3219-னா 2019-ஓட 32-ஆவது வாரம் செஞ்சது. 40,000 ஓடின வண்டில மூணாவது செட் டயர் இருந்தா ஏன்னு கேளுங்க. பெடல் ரப்பர் வழுவழுன்னு தேஞ்சிருக்கா, ஸ்டீயரிங் தோல் உரிஞ்சிருக்கா, டிரைவர் சீட் ஓரம் அமுங்கியிருக்கான்னு பாருங்க. எல்லாத்துக்கும் மேல சர்வீஸ் ரெக்கார்ட். ஓனரையே கூட்டிட்டுப் போய் சர்வீஸ் சென்டர்ல பிரின்ட் எடுக்கச் சொல்லுங்க. அதுதான் வண்டியோட கிட் ஹிஸ்டரி. தர மாட்டேன்னா நடையைக் கட்டுங்க.

வண்டி பார்க்கப் போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னுடுங்க. ஆறின டீசல் இஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகை விடாம வந்தா ஆயில் எரியுது. இஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தா குப்குப்னு அழுத்தமா ஆவி அடிச்சா உள்ள பிஸ்டன் ரிங் தேய்மானம் இருக்கலாம். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் போடும்போது டக் டக்னு சத்தம் வந்தா ஆக்ஸில் ஜாயின்ட். இதெல்லாம் நீங்களே பார்க்கலாம். அப்புறமும் ஒரு மெக்கானிக்கை லிஃப்ட்ல ஏத்திக் காட்டச் சொல்லுங்க. விக்கிறவர் சிபாரிசு பண்ற மெக்கானிக் வேண்டாம்.

கடைசில எங்களுக்குக் கிடைச்சது ஈரோட்டுல. எக்ஸ்யூவி 500, 2018, டாப் வேரியன்ட், ஆறு ஏர்பேக், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஒரே ஓனர். மீட்டர்ல 1,12,000 கிலோமீட்டர். தாம்பரம் வண்டியோட ரெண்டு மடங்கு கிட்ட. ஆனா ஒவ்வொரு 10,000-க்கும் பில் இருந்துச்சு, பிரேக் ஆயில் மாத்தின தேதி உட்பட. பாட்டி ரெண்டாவது ரோல ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாங்க. பேரம் 9.1 லட்சத்துல முடிஞ்சது. மூணாவது ரோ பெரியவங்களுக்குச் சின்னதுதான், மறைக்கல. ஆனா பசங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி பார்த்த சீட், ஆளுக்கொரு பெல்ட்.

மாடல் 2021-லயே நின்னு போச்சேன்னு கேப்பீங்க. அந்த 2.2 இஞ்சின் குடும்பம் ஸ்கார்பியோவுலயும் ஓடுறதால இஞ்சின் பாகத்துக்கு நான் கவலைப்படல. விளக்கு, பம்பர் மாதிரி சாமான்தான் நாளாக நாளாகத் தேட வேண்டியிருக்கும், அதுக்குத் தயாரா இருக்கேன்.

பட்ஜெட் 11-ல மீதியை நான் பேரத்துல தொடவே இல்ல. முதல் மாசமே நாலு டயர், பேட்டரி, எல்லா ஆயிலும், பெல்ட்டுகள், சஸ்பென்ஷன் புஷ், இன்ஷூரன்ஸ்னு 1.3 லட்சம் போச்சு. இன்ஷூரன்ஸ்ல ஒரு விஷயம்: நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தம் இல்ல, ஓனருக்குச் சொந்தம். விக்கிறவரோட 50 சதவீதத் தள்ளுபடி உங்களுக்கு வராது. பேர் மாத்தின 14 நாளுக்குள்ள பாலிசியும் உங்க பேருக்கு மாறணும், இல்லன்னா உங்க வண்டிச் சேதத்துக்குக் கிளெய்ம் கேக்கும்போது சிக்கல்.

பழைய வண்டி என்ன ஆச்சுன்னு கேக்குறீங்க. 15 வருஷம் முடிஞ்சதால ஆர்சி புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல் வரைக்கும் 600 ரூபாயா இருந்த கட்டணம் இப்போ 5,000, கூடவே பசுமை வரி, எஃப்சி. அப்பா அதையெல்லாம் முடிச்சு, பிரேக்கை முழுசா சரி பண்ணி, நடந்ததையும் மறைக்காம சொல்லி ராசிபுரத்துல தெரிஞ்சவருக்குக் கொடுத்தார். அவர் "பேர் மாத்தறது மெதுவா பாத்துக்கலாங்க அண்ணா"ன்னாராம். இங்க நான் குறுக்க விழுந்துட்டேன். ஆர்டிஓ ரெக்கார்ட்ல யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர், விபத்து நடந்தா நஷ்டஈடும் அவங்க தலைலதான்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லிடுச்சு. வண்டி நாலு கை மாறியிருந்தாலும் சரி. ஃபார்ம் 29, 30 போட்டு, பேர் மாறினதை வாகன் சைட்ல பார்த்ததுக்கு அப்புறம்தான் ரெண்டாவது சாவியைக் கொடுத்தோம். சாவியைக் கொடுக்கும்போது அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

போன ஞாயித்துக்கிழமை நான் சென்னைல இருக்கேன், அவர்கிட்டேர்ந்து போன். கொல்லிமலை போயிட்டு இறங்கிட்டாங்களாம். பிரேக் எப்படிப்பான்னு கேட்டேன்.

"பிரேக்கை எங்கடா மிதிச்சேன், 70 வளைவும் ரெண்டாவது கியர்லயே இறக்கிட்டேன்."

பின்னாடி பாட்டி குரல் கேட்டுச்சு, ஏசி ரொம்பக் குளுருதாம், எப்படிக் குறைக்கிறதுன்னு கேக்கச் சொன்னாங்க.